கண்டிச் சிங்கத்திலிருந்து பிரதேச சபை முத்திரை வரை: மலையகத்து இலச்சினைகளை எப்படிப் படிப்பது?

மலையகத்தின் பழைய தபாற்கந்தோர்களிலும் நீதிமன்றங்களிலும் சபைக் கட்டடங்களிலும் ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்சிகளின் சின்னங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கலாம். தபாற்பெட்டியின் வார்ப்பிரும்பில் பிரித்தானிய மன்னரின் முதலெழுத்து, பழைய கடிதத் தலைப்பில் முடி சூடிய சிங்கம், வாசல் பலகையில் இன்றைய குடியரசு இலச்சினை. இவற்றைப் படிப்பதற்கு ஒரு விடயம் தெரிந்தால் போதும். ஒரு சின்னம் முழுவதும் ஒரே நாளில் பிறப்பதில்லை. சிங்கம் வந்த காலம் ஒன்று, அதன் தலைக்கு மேல் முடி வந்த காலம் ஒன்று, அந்த முடி போய்ச் சக்கரம் வந்த காலம் இன்னொன்று. எது எப்போது சேர்ந்தது, எது எப்போது நீக்கப்பட்டது என்று பார்த்தால் அந்தந்த நேரத்தில் அதிகாரம் யார் கையில் இருந்தது, யாருக்கு அதில் இடம் இருந்தது என்பது தெரியவரும்.

கேடயம் இல்லாத நகரம்

ஒல்லாந்தர் தாங்கள் பிடித்த கரையோரப் பட்டினங்களுக்கு ஐரோப்பிய முறைப்படி கேடயச் சின்னங்களை வழங்கினார்கள். கொழும்புக்கு மாமரம், யாழ்ப்பாணத்துக்குப் பனை, காலிக்குச் சேவல். காலிக் கோட்டையின் பழைய வாசலில், உட்புறத்தில், சேவலோடு கூடிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னமும் 1669 என்ற ஆண்டும் இன்றும் இருக்கின்றன. கண்டிக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை. 1765இல் ஒல்லாந்தப் படை கண்டிக்குள் நுழைந்தது, ஆனால் அங்கே நிலைக்க முடியாமல் திரும்பியது. 1803இல் ஆங்கிலேயருக்கும் அதே கதிதான். ஆகவே கேடயம், அதை இருபக்கமும் தாங்கி நிற்கும் உருவங்கள், மேலே தலைச்சீரா, கீழே வாசகநாடா என்ற ஐரோப்பிய அடுக்கு எதுவும் இல்லாமல், கொடியை மட்டும் நம்பிய ஒரு சின்ன முறை மலைநாட்டில் 1815 வரை தொடர்ந்தது.

அந்த முறையில் அரசனுக்கு மட்டுமல்லாமல் அவனுக்குக் கீழ் மாகாணங்களை ஆண்ட திசாவைகளுக்கும் தனித்தனிக் கொடிகள் இருந்தன. நான்கு கோறளைக்குச் சூரியனும் சந்திரனும், ஊவாவுக்கு அன்னம், ஏழு கோறளைக்குச் சிங்கம், மூன்று கோறளைக்கு இருதலைப் பறவை. கண்டி எசல பெரஹராவில் சாட்டை அடிப்பவர்களுக்குப் பின்னால் கொடி ஏந்துபவர்கள் வரிசையாகப் போவதைக் கவனித்தால் இந்தப் பழைய ஒழுங்கின் மிச்சம் தெரியும்.

இந்த உருவங்களில் தமிழ் வாசகருக்கு அந்நியமானது ஒன்றும் கிடையாது. இருதலைப் பறவை விஜயநகர, மைசூர் மரபுகளில் கண்டபேருண்டமாக வருவதுதான். கண்டிக்குப் பக்கத்தில் எம்பெக்க தேவாலயத்து மரத்தூண்களிலும் அன்னத்தோடு அதுவும் செதுக்கப்பட்டிருக்கிறது. சூரிய சந்திரர் தமிழ்க் கல்வெட்டுகளில் "சந்திராதித்தர் உள்ளவரை" இந்தக் கொடை நிலைக்கட்டும் என்ற உறுதிமொழியோடு வருபவர்கள். 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நால்வரும் நாயக்கர் வழியினர். 1815 மார்ச் 2 அன்று அரச சபை மண்டபமான மகுல் மடுவவில் படிக்கப்பட்ட கண்டி உடன்படிக்கையில் பிரதானிகள் சிலரின் கையொப்பத்தில் தமிழ் எழுத்து இருக்கிறது. கண்டியின் சின்னங்களை ஓர் இனத்துக்கு மட்டுமே உரியவையாகக் காட்டுவதும், தமிழருக்கு அவற்றோடு சம்பந்தமே இல்லை என்று ஒதுங்கிக்கொள்வதும் ஒரே அளவு தவறு.

சிங்கம் போனதும் திரும்பி வந்ததும்

1815இல் கண்டியின் அரச கொடி லண்டனுக்குப் போனது. நாட்டின் அடையாளமாக ஆங்கிலேயர் வைத்தது யானையை. தாதுகோபத்துக்கு முன்னால், தென்னைகளுக்கிடையே நிற்கும் யானை. நீலக் கொடியிலும் அரச தாள்களிலும் சுதந்திரம் வரை அதுதான் இருந்தது. கண்டிச் சிங்கம் செல்சியில் உள்ள முதிய போர்வீரர் இல்லத்தில் கிடந்தது. சட்டத்தரணி ஈ. டபிள்யூ. பெரேரா அதை அங்கே அடையாளம் கண்டார். அதன் படம் 1915இல், உடன்படிக்கையின் நூற்றாண்டில், 'தினமின' பத்திரிகையில் வெளியானது. நூறு ஆண்டுகளாக இங்கே கண்ணில் படாத கொடி அதன்பின் வீட்டுச் சுவர்களுக்கு வந்தது.

அதை நாட்டின் கொடியாக்க வேண்டும் என்று 1948 ஜனவரியில் பாராளுமன்றத்தில் பிரேரித்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் ஏ. சின்னலெப்பை. பெப்ரவரி 4 அன்று சிங்கக் கொடி ஏறியது. அதே ஆண்டில் நிறைவேறிய 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவர்களாக்கியது. மலையகத்தில் இந்தக் கொடியின் வரலாற்றை எழுதும் எவரும் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துத்தான் எழுத வேண்டும்.

1948இல் ஏறிய கொடியில் பச்சை, செம்மஞ்சள் பட்டிகள் இல்லை. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி முஸ்லிம்களுக்குப் பச்சையும் தமிழருக்குச் செம்மஞ்சளும் சேர்க்கப்பட்டு, 1951 மார்ச் 2 அன்று இன்றைய அமைப்பு ஏற்கப்பட்டது. குழுவில் இருந்த செனட்டர் எஸ். நடேசன் இதற்கு உடன்படவில்லை. கொடியைப் பார்த்தாலே காரணம் விளங்கும். பட்டிகள் சிங்கம் நிற்கும் சிவப்புக் கட்டத்துக்கு வெளியே, நடுவில் மஞ்சள் விளிம்பால் பிரிக்கப்பட்டு, தனிக் கட்டத்தில் நிற்கின்றன. 1972இல் நான்கு மூலைகளிலும் இருந்த ஈட்டிமுனை போன்ற அலங்காரங்கள் எடுக்கப்பட்டு அரசமிலைகள் வந்தன.

பழைய தோட்டப் பாடசாலைக் குழுப்படங்களுக்குக் காலம் சொல்ல இந்த மூன்று திகதிகளும் நன்றாக உதவும். பட்டியில்லாத சிங்கக் கொடி தெரிந்தால் படம் பெரும்பாலும் 1948க்கும் 1951க்கும் இடையில் எடுத்தது. பட்டி உண்டு, மூலையில் இலை இல்லையென்றால் 1951 முதல் 1972 வரை. இலை தெளிவாகத் தெரிந்தால் 1972க்குப் பிறகு. கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சைக்கும் செம்மஞ்சளுக்கும் வேறுபாடு தெரியாது, அதனால் நிறத்தைத் தேடாமல் கட்டங்களின் பிரிவைத் தேட வேண்டும். ஓர் எச்சரிக்கை: பாடசாலைகள் பழைய கொடியை உடனே மாற்றிவிடுவதில்லை. புதிய உறுப்பு இருந்தால் "இதற்கு முன் எடுத்த படம் அல்ல" என்று துணிந்து சொல்லலாம். பழைய உறுப்பு இருப்பதை வைத்து "இதற்குப் பின் எடுத்ததல்ல" என்று சொல்ல முடியாது.

1954, 1972: முடி, சக்கரம், எழுத்து

கொடிக்குப் பிறகுதான் இலச்சினை வந்தது. 1954இல் ஏற்கப்பட்டதில் வாளேந்திய கண்டிச் சிங்கமும் அதைச் சுற்றித் தாமரை இதழ் வட்டமும் மேலே முடியும் கீழே நாடாவும் இருந்தன. நாடாவில் நாட்டின் பெயர் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுதப்பட்டிருந்தது. இரண்டு ஆண்டுகளில், 1956இல், சிங்களம் மட்டும் அரச கரும மொழியாயிற்று. ஆனாலும் அரசின் இலச்சினையில் தமிழ் எழுத்து 1972 வரை இருந்தது. அந்தக் காலத்துப் பிரஜாவுரிமைக் கடிதங்களை வீட்டில் வைத்திருப்பவர்கள் தலைப்பை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கலாம். அச்சு நன்றாக இருந்தால் எழுத்தைப் படித்துவிடலாம்.

1972 மே 22 அன்று நாடு குடியரசானது. நிஸ்ஸங்க விஜேரத்ன தலைமையிலான குழு வகுத்து, மாபலகம விபுலசார தேரர் வடிவமைத்து, எஸ். எம். செனவிரத்ன வரைந்த புதிய இலச்சினையில் முடியின் இடத்துக்குத் தர்மச்சக்கரம் வந்தது. கீழே நிறைகலசம், அதிலிருந்து எழுந்து இரு பக்கமும் சுற்றி வரும் நெற்கதிர், அடியில் சூரியனும் சந்திரனும். சிங்கமும் இதழ் வட்டமும் தொடர்ந்தன. நான்கு கோறளைக் கொடியிலும் தமிழ்க் கொடைக் கல்லிலும் நாம் பார்த்த அதே சூரிய சந்திரர் இப்போது அரசின் அடித்தளத்தில் நிற்கிறார்கள். நாடா போய்விட்டது. ஒரு மொழியை மட்டும் நீக்காமல் மூன்றையும் சேர்த்தே எடுத்தார்கள் என்பது உண்மை. ஆயினும் 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிய பிறகும் இலச்சினையில் எழுத்து திரும்பவில்லை. தமிழ் எழுத்து இன்று நிற்பது அதைச் சுற்றி எழுதப்படும் திணைக்களப் பெயரிலும் உள்ளூராட்சி முத்திரையிலும்தான். அந்த எழுத்தைப் பிழையில்லாமல் பொறிப்பது அதனால்தான் இவ்வளவு முக்கியம்.

சிங்கம் இன்னோர் இடத்திலும் வாழ்கிறது. தேயிலைப் பொதியில் உள்ள சிங்க இலச்சினை இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தமானது. உள்ளே முழுக்க இலங்கைத் தேயிலை இருந்து, இங்கேயே பொதி செய்யப்பட்டு, சபையின் தரத்துக்கு உட்பட்டால் மட்டுமே அதைப் பயன்படுத்த அனுமதி கிடைக்கும். கண்டி அரசனின் சின்னத்தை உலகின் அதிகமான வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது மலையகப் பெண்கள் கிள்ளிய கொழுந்து.

சுவரிலும் இரும்பிலும் படிக்கும்போது

வார்ப்பிரும்புத் தபாற்பெட்டியில் முதலில் எழுத்துகளைப் பாருங்கள், பிறகு முடியைப் பாருங்கள். வீ ஆர் என்றால் விக்டோரியா, 1901 ஜனவரிக்கு முன். ஈ ஆர் என்ற எழுத்துகளோடு ரோம எண் ஏழு இருந்தால் ஏழாம் எட்வேர்ட், 1901 முதல் 1910 வரை. எண்ணில்லாத ஜீ ஆர் ஐந்தாம் ஜோர்ஜ், 1910 முதல் 1936. ஜீ ஆரோடு ரோம எண் ஆறு இருந்தால் ஆறாம் ஜோர்ஜ், 1936 முதல் 1952. ஈ ஆர் என்பதோடு ரோம எண் இரண்டு இருந்தால் இரண்டாம் எலிசபெத், 1952க்குப் பிறகு. எண் அழிந்துபோய் ஈ ஆர் மட்டும் எஞ்சியிருந்தால் முடி தீர்ப்புச் சொல்லும். 1901 முதல் எலிசபெத்தின் தொடக்கம் வரை பயன்பட்ட முடியின் வளைவுகள் மேலே உருண்டு எழும்பி நிற்கும். எலிசபெத் காலத்து முடியில் வளைவுகள் நடுவில் உள்ளே பதிந்திருக்கும்.

ஆண்டுதோறும் ஏறிய சிவப்புப் பெயின்ட்டில் எழுத்தின் விளிம்பு மூழ்கிப்போவதுதான் பெரிய சிக்கல். நேரே நின்று பிளாஷ் போட்டால் ஒன்றும் தெரியாது. மாலை மங்கிய பிறகு டோர்ச்சைப் பெட்டியின் பரப்போடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்து, முதலில் இடமிருந்தும் பிறகு மேலிருந்தும் ஒளி விழச் செய்து இரண்டு படம் எடுக்க வேண்டும். ஒரு படத்தில் நிலைக்கோடுகளும் மற்றதில் கிடைக்கோடுகளும் நிழலாக எழும். பெயின்டைச் சுரண்டக் கூடாது. சுரண்டிய இடத்தில் மலைநாட்டு ஈரம் ஒரு மழைக்காலத்திலேயே துருவைக் கொண்டுவந்துவிடும்.

சாந்தில் செய்த சின்னங்களுக்குப் பாசிதான் பகை. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் பாசியோடு வாளின் நுனியும் வாலின் சுருளும் போய்விடும். தண்ணீரும் மென்மையான நைலோன் பிரஷும் போதும், அதுவும் மேலிருந்து கீழாக. காயுமுன் எனாமல் பெயின்ட் அடித்தால் உள்ளே அகப்பட்ட ஈரம் படலத்தைத் தள்ளிக் கொப்புளமாக்கும்.

இங்கே அடிக்கடி நேரும் குழப்பம், பிரித்தானியச் சிங்கத்தைக் கண்டிச் சிங்கமாக எண்ணுவது. பிரித்தானியச் சின்னத்தில் சிங்கம் பின்காலில் எழுந்து நின்று கேடயத்தைத் தாங்கும், கையில் வாள் இருக்காது, எதிர்ப்பக்கம் ஒற்றைக்கொம்புக் குதிரை இருக்கும். கேடயத்தின் நடுவே இன்னொரு சிறு கேடயம் இருந்தால் அந்தச் சின்னம் 1837க்கு முந்தைய வடிவம். கண்டிச் சிங்கம் நடக்கும் நிலையில் மூன்று காலை ஊன்றி, முன் வலக்காலில் வாளை உயர்த்தும். பார்ப்பவருக்கு அதன் முகம் இடப்பக்கம். கொடியில் அது கம்பத்தைப் பார்த்து நிற்கும், கம்பத்தை ஒட்டியது பச்சை, அடுத்தது செம்மஞ்சள். நீளம் உயரத்தைப் போல் இரு மடங்கு. தைப்பவர்கள் துணியின் பின்புறத்திலிருந்து அச்செடுத்தால் சிங்கம் திரும்பிவிடும், வாளும் இடக்காலுக்கு மாறிவிடும். வாளிலும் ஒரு பிழை வழக்கமாக நடக்கிறது. அது கஸ்தானை, சிறிது வளைந்த குட்டை வாள். அதை நேரான சிலுவைப்பிடி வாளாக வரைந்தால் கண்டிச் சிங்கம் ஐரோப்பியச் சிங்கமாகிவிடுகிறது.

புதிய சபைக்கு முத்திரை செய்யும்போது

நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகளைப் பிரித்து கொட்டகலை, அக்கரபத்தனை, மஸ்கெலியா, நோர்வூட் போன்ற புதிய சபைகள் உருவானது போன்ற சந்தர்ப்பங்களில் சின்னம் வரையும் வேலை யாரோ ஒருவர் மேசைக்கு வருகிறது. பெரும்பாலும் மலை, அருவி, கொழுந்து, உதயசூரியன், நடுவே அரச இலச்சினை என்று எல்லாவற்றையும் சேர்க்கும் ஆசை வரும். 12 மில்லிமீற்றர் அளவுக்குச் சுருங்கும்போது நெற்கதிரும் இதழும் மசிப்பொட்டாகிவிடும். இரண்டு உருவத்துக்கு மேல் வேண்டாம்.

கொழுந்து வைப்பதானால் சரியாக வைக்க வேண்டும். தேயிலைத் தண்டில் இலைகள் மாறி மாறி வெவ்வேறு கணுவில்தான் முளைக்கும். ஒரே கணுவில் இருபக்கமும் சமமாக இலை விரிவது கிடையாது. விளிம்பில் நுண்ணிய பல் இருக்கும், நடுக் கொழுந்து விரியாமல் ஊசிபோல் நிமிர்ந்திருக்கும். எதிரெதிராக இரண்டு வழுவழுப்பான இலையை வரைந்தால் மாவிலைத் தோரணம்தான் வரும். நாள் முழுதும் கொழுந்து பறிப்பவர்கள் வாழும் ஊரின் சின்னத்தில் கொழுந்தே பிழையாக இருப்பது மரியாதைக் குறைவு.

அடுத்தது எழுத்து. கணக்கைப் பாருங்கள். 35 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்ட முத்திரையில் எழுத்தின் நடுக்கோடு மையத்திலிருந்து 15 மில்லிமீற்றரில் ஓடினால் சுற்றளவு சுமார் 94. மூன்று மொழிக்கும் சமமாகப் பிரித்து இடைவெளி விட்டால் ஒவ்வொன்றுக்கும் 27 கிடைக்கும். "நுவரெலியா மாநகர சபை" என்பதில் கொம்பையும் காலையும் தனி எழுத்தாக எண்ணி, இடைவெளிகளையும் சேர்த்தால் 17 இடம் வேண்டும். ஓர் இடத்துக்கு 1.6 மில்லிமீற்றர்தான். அந்த அளவில் ரப்பர் முத்திரையில் "லி"யின் கொக்கி "ல"வோடு ஒட்டிக்கொள்ளும், "ஹட்டன்" என்ற பெயர் புள்ளி இரண்டையும் இழந்து "ஹடடன" ஆகும். சிங்களத்தை மேல் அரைவட்டத்திலும் தமிழைக் கீழ் அரைவட்டத்திலும் வைத்து ஆங்கிலத்தை உள்ளே நேர்கோடாகப் போட்டால் ஓர் இடத்துக்கு 2.4 மில்லிமீற்றர் கிடைக்கும், இது படிக்கத் தகும். கீழ் வளைவில் எழுத்தின் தலை மையத்தை நோக்கி நெருங்கும் என்பதால் புள்ளியும் கொக்கியும் பக்கத்து எழுத்தோடு மோதும். எழுத்திடைவெளியைச் சிறிது கூட்ட வேண்டும். மேல் வளைவில் இதற்கு மாறாக அடிப்பக்கம் நெருங்கும், அங்கே "நு"வின் சுழி சிக்கும்.

இடைவெளியைக் கூட்டும்போதுதான் அடுத்த கோளாறு வரும். வரைமென்பொருள் சிலவற்றுக்குத் தமிழின் எழுத்துக் கோவை தெரியாது. வளைவில் எழுதி இடைவெளியை நீட்டியதும் கொம்பு தன் எழுத்தை விட்டு விலகி அடுத்த எழுத்துக்குப் போய் ஒட்டும். "ரெ"யின் கொம்பு "லி"க்கு முன்னால் நிற்கும், "பை"யின் ஐகாரக் குறி "ப"வுக்குப் பின்னால் நிற்கும். யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்பு வேறு பிரச்சினை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முழுப் பெயரும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும், சிங்களம் மட்டும் தெரிந்த கடைக்காரர் அதை அப்படியே செதுக்கிவிடவும் கூடும். ஆகவே யுனிகோடில் எழுதி, தமிழ் வாசிக்கத் தெரிந்த இருவர் எழுத்தெண்ணிப் பார்த்த பின், எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றித்தான் கோப்பை அனுப்ப வேண்டும். மாற்றிய பிறகு பிழை திருத்த முடியாது என்பதால் இந்த வரிசை முக்கியம்.

செதுக்கக் கொடுக்கும் முன் உண்மையான அளவில் அச்செடுத்து, பிரதியின் பிரதியாக மூன்று தடவை போட்டோகொப்பி எடுங்கள். மூன்றாவது பிரதியில் எல்லாப் புள்ளியும் உயிரோடு இருந்தால் முத்திரையிலும் இருக்கும். ஒன்று காணாமல் போனாலும் படத்தைச் சிறிதாக்கி எழுத்துக்கு இடம் கொடுங்கள்.

கடைசியாக, வரைந்த படத்தோடு ஒரு எழுத்து வர்ணனையையும் சபையின் தீர்மானப் புத்தகத்தில் சேர்க்க வேண்டும். எத்தனை இலை, எந்தப் பக்கம் அருவி, எந்த நிறம், எந்த மொழி எந்த வளைவில் என்று சிங்களத்திலும் தமிழிலும், தீர்மானத் திகதியோடு. ஐரோப்பியக் கேடய மரபில் சொல் வர்ணனைதான் மூலம், படம் அதன் ஒரு பிரதி மட்டுமே. பிற்காலத்தில் கோப்பு தொலைந்து, கையிலிருப்பது தேய்ந்த ரப்பர் முத்திரையின் அச்சு மட்டும் என்ற நிலை வரும்போது, புதிதாக வரைபவர் அந்த வர்ணனையைப் படித்து வரைந்துகொள்ள முடியும்.